பெங்களூரு வீட்டு பேஸ்மென்ட்டில் தண்ணீர் கசிந்தால் எங்கிருந்து தொடங்குவது?

மதுரை, சேலம் பக்கமிருந்து பெங்களூருக்கு வந்து வீடு வாங்குகிற நம் ஆட்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று, பாதி மண்ணுக்குள் இருக்கும் கீழ்த்தளம். இங்கே 30-க்கு 40 அடி மனையில் கார் நிறுத்தவும் இடம் வேண்டும், மேலே மூன்று மாடியும் வேண்டும். அதனால் நாலைந்து அடி தோண்டி செமி பேஸ்மென்ட் போட்டுவிடுகிறார்கள். மேடும் பள்ளமுமான ஊர் என்பதால், தெருப்பக்கம் தரைத்தளமாகத் தெரிவது பின்பக்கம் முழுதாக மண்ணுக்குள் இருப்பதும் உண்டு.

பிப்ரவரியில் வீடு பார்க்கும்போது எல்லாம் காய்ந்து பளிச்சென்று இருக்கும். மே மாதம் இரண்டு இடிமழை விழுந்ததும் சுவரின் அடிப்பக்கம் கருக்கும், வெள்ளையாக உப்பு பூக்கும், பெயின்ட் பொரிந்து உதிரும். உடனே பெயின்ட் கடைக்கு ஓடுவோம். கடைக்காரர் ஒரு டப்பாவைக் கையில் கொடுப்பார். அந்த டப்பா கடைசியில் வரவேண்டிய சமாச்சாரம். எந்தத் தண்ணீர், எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதிக்கு மேற்பட்ட வேலை. அதனால் இங்கேயும் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் கரன்ட்

2025 மே மாத மழையில், பிடிஎம் லேஅவுட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட்டில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கப் போனபோது மின்சாரம் தாக்கி இருவர் இறந்தார்கள். ஒருவர் 12 வயதுச் சிறுவன். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் டெல்லி பழைய ராஜிந்தர் நகரில், ஒரு பயிற்சி மையத்தின் பேஸ்மென்ட்டுக்குள் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதனால் கசிவைப் பற்றி யோசிக்கும் முன் இதை முடித்துவிடுங்கள்: பேஸ்மென்ட் லைனைத் தனியாகப் பிரித்து, அதை அணைக்கும் ஸ்விட்ச்சை மேல்தளத்தில் வையுங்கள். அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்ததும் தானே லைனை அணைக்கும் ஸ்விட்ச், கட்டாயம். பிளக் பாயின்ட்கள் தரையிலிருந்து நாலடிக்கு மேலே இருக்கட்டும். இன்வெர்ட்டர் பேட்டரியைத் தரையில் வைக்காதீர்கள்.

மீட்டர் போர்டே கீழே இருந்து, தண்ணீரும் ஏறிவிட்டதா? கால் வைக்காதீர்கள். மின்விநியோக நிறுவனமான பெஸ்காமின் எண் 1912. அவர்கள் லைனைத் துண்டிக்கும்வரை கார் போனாலும் போகட்டும்.

எந்தத் தண்ணீர்?

இதற்கு ஒரு சாக்பீஸும் செல்போனும் போதும். ஈரம் தெரியும் இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தால் ஈரத்தின் போக்கு பிடிபட்டுவிடும்.

மழை பெய்யும்போதே, அல்லது நின்ற ஒரு மணி நேரத்துக்குள் கசிந்தால் அது மேல்மட்டத் தண்ணீர். ராம்ப் (கார் இறங்கும் சரிவு), மொட்டைமாடியிலிருந்து இறங்கும் குழாய், செட்பேக் (வீட்டைச் சுற்றி விட்டிருக்கும் காலியிடம்) தரையிலுள்ள வெடிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். மழை நின்று ஓரிரு நாள் கழித்துத் தொடங்கி, வாரக்கணக்கில் விடாமல் வந்தால் மண்ணில் ஊறி நிற்கும் தண்ணீர். மழையே இல்லாத மார்ச்சிலும் ஈரம் மாறாமல் இருந்தால் வானத்தைத் திட்டிப் பயனில்லை. அது உங்கள் குழாய், உங்கள் சம்ப், அல்லது பக்கத்து வீட்டுச் சம்ப்.

இந்தச் சம்ப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காவிரித் தண்ணீர் பல பகுதிகளில் தினமும் வராது என்பதால், சம்ப் இல்லாத வீடு இங்கே அபூர்வம். சின்ன மனையில் வேறு இடம் ஏது? பேஸ்மென்ட் சுவரை ஒட்டியோ ராம்ப்புக்கு அடியிலோதான் அதைக் கட்டியிருப்பார்கள். சோதிப்பது எளிது. ராத்திரி சம்ப்பை நிரப்பி, நீர்மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். உள்ளே வரும் வால்வை மூடி, மோட்டாரையும் போடாமல் 24 மணி நேரம் விடுங்கள். பத்தடிக்கு ஆறடி சம்ப்பில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே சுமார் 55 லிட்டர் எங்கோ போயிருக்கிறது என்று கணக்கு. ராமமூர்த்தி நகரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூன்று வகைப் பூச்சு அடித்தும் நிற்காத ஈரம், பக்கத்து வீட்டார் சம்ப்பை உள்ளே பூசியதும் தானாகக் காய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைப் பேசுவது சங்கடம்தான். ஒரு தட்டில் பலகாரத்தோடு போனால் பேச்சு சுலபமாகும்.

காவிரி வரும் நாட்களில் மட்டும் ஈரம் கூடுகிறதா? அப்படியானால் தெருவிலிருந்து சம்ப்புக்கு வரும் பைப்பைச் சந்தேகப்படுங்கள். தண்ணீர் வரும் நேரத்தில் சம்ப் வாய் வால்வை மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் சுற்றிக்கொண்டே இருந்தால் மீட்டருக்கும் சம்ப்புக்கும் நடுவே எங்கோ ஒழுகுகிறது. மீட்டருக்கு முந்திய தெருக் குழாய் என்றால் குடிநீர் வாரியத்துக்கு 1916-ல் புகார் கொடுக்கலாம்.

கசியும் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) மீட்டரில் பார்ப்பதும் ஒரு துப்பு. காவிரித் தண்ணீரில் எண் குறைவாகவும் போர்வெல் தண்ணீரில் பல மடங்காகவும் இருக்கும். ஆனால் மண்ணையும் சிமென்ட்டையும் தாண்டி வருகிற தண்ணீர் வழியில் உப்பைச் சேர்த்துக்கொள்ளும். அதனால் எண் கூடுதலாக இருந்தால் எதையும் முடிவு செய்யாதீர்கள். எண் மிகக் குறைவாக இருந்தால் மட்டும், அது குழாய்த் தண்ணீர் அல்லது புது மழைத் தண்ணீர் என்று தைரியமாகச் சொல்லலாம். வாடை அடித்தால் சொல்லவே வேண்டாம், சாக்கடை லைன்.

சில வீடுகளில் தண்ணீர் வெளியிலிருந்து வருவதே இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊரில் சாரல் காற்று. அந்த ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கும். இதைப் பிரித்தறிய, ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கெட்டி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒருநாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் ஈரம் என்றால் காற்றின் ஈரம். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, மழையில்லாத மதியங்களில் காற்றோட்டம் விட்டால் போதும். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் முத்து முத்தாக நின்றால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

இன்னொன்று, பக்கத்து மனையில் யாராவது புதிதாக அஸ்திவாரக் குழி தோண்டியிருக்கிறார்களா என்று எட்டிப் பாருங்கள். மழையில் அந்தக் குழி குளமாகும். அத்தனை பாரமும் உங்கள் சுவர் மேல்தான். ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் அடிமட்டத்தில் சதுர மீட்டருக்கு ஒரு டன் கனத்தில் அழுத்தும். குழியைப் பம்ப் போட்டு இறைக்கச் சொல்ல உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

வெளியே இருக்கும்போதே திருப்பிவிடுங்கள்

உள்ளே ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் வெளியே ஒரு சுற்று வாருங்கள், நல்ல மழையில், குடையோடு.

மொட்டைமாடிக் கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். 1,200 சதுர அடி மாடியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் ஐயாயிரத்து ஐந்நூறு லிட்டருக்கும் மேல். பல வீடுகளில் அந்தக் குழாய் நேரே செட்பேக்கில், அதாவது பேஸ்மென்ட் சுவரின் உச்சியில் கொண்டுவந்து கொட்டுகிறது. கட்டும்போது சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கட்டட இடிபாடு போட்டு மூடியிருப்பார்கள். இறுகாத அந்த நிரப்பலில் தண்ணீர் இறங்கித் தங்கிவிடும். குழாயைத் தொடர்ந்து நீட்டித் தெருக் கால்வாய்க்கோ சம்ப்புக்கோ கொண்டுபோங்கள். மழை மாதங்களில் உங்கள் கசிவில் பெரும்பகுதி இதோடே நின்றுவிட வாய்ப்பு இருக்கிறது.

அப்புறம் செட்பேக் தரை. வாட்டம் சுவரை விட்டு வெளியே இருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தானே காட்டிக்கொடுக்கும். மூன்றடிச் செட்பேக்குக்கு ஓர் அங்குல வாட்டம் போதும். சுவரும் தரையும் சேரும் இடத்தில் வெடிப்பு இருந்தால் வெட்டி அடைத்து, மூலையில் சரிவாக ஒரு சிமென்ட் பட்டை (கோவிங்) போடச் சொல்லுங்கள். சுவரை ஒட்டி மண்பாத்தியில் வாழையும் செம்பருத்தியும் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர்கள், அவற்றைத் தொட்டிக்கு மாற்றி இரண்டடி தள்ளி வைப்பது நல்லது.

ராம்ப்பில் இரண்டு விஷயம். மேல்முனையில், தெருவைத் தொடும் இடத்தில், ஆறங்குல மேடு வேண்டும். ராம்ப்பின் மேல் நேராக விழும் மழை ஒன்றும் பெரிதில்லை. பத்தடிக்குப் பதினைந்தடி ராம்ப்பில் 50 மில்லிமீட்டருக்கு 700 லிட்டர்தான். தெருத் தண்ணீர் திரும்பி இறங்கினால்தான் அளவே கிடையாது. தெருவில் மறுபடி மறுபடி தார் போட்டு மட்டம் ஏறிப்போனதால், பழைய வீடுகளில் இந்த மேடு காணாமலே போயிருக்கும். இரண்டாவது, ராம்ப்பின் அடியில் முழு அகலத்துக்கும் குறுக்கு வாய்க்கால் வெட்டி இரும்பு ஜாலி போட வேண்டும். ஜாலியைக் கையால் தூக்க முடிய வேண்டும். வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டால் உள்ளே குப்பை அள்ள முடியாது.

மழைநீர் சேகரிப்பு இங்கே 2009 முதல் சட்டப்படி கட்டாயம். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு 30-க்கு 40 மனையிலிருந்தே. நல்ல விஷயம்தான், ஆனால் உறிஞ்சு குழியைப் பேஸ்மென்ட் சுவருக்குப் பக்கத்தில் போட்டால் நாமே தண்ணீரை அழைத்துவந்து சுவரில் சாய்த்த மாதிரி. முடிந்த மட்டும் மனையின் எதிர்மூலைக்குத் தள்ளுங்கள். இடமே இல்லை என்றால் குழியைப் பேஸ்மென்ட் தரையைவிட ஆழமாக இறக்கி, அந்தப் பேஸ்மென்ட் தரைக்குக் கீழே போகும்வரை உறைகளின் இணைப்பைச் சிமென்ட்டால் அடைத்து, அதற்குக் கீழேதான் தண்ணீர் மண்ணில் இறங்க விட வேண்டும்.

சுவர்

வெளியே எல்லாம் சரிசெய்தும் ஒரு மழைக்காலம் பார்த்தபின் கசிகிறதா? அப்போது சுவரைத் தொடுங்கள். வெளிப்பக்கம் தோண்டி, சுவரின் மண் பக்கத்தில் பூசுவதுதான் சிறந்த வைத்தியம். தண்ணீரே அந்தப் பூச்சைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். ஆனால் பக்கத்து வீட்டுச் சுவர் மூன்றடியில் நிற்கிற ஊரில் தோண்ட இடம் கிடைப்பது அரிது. அப்படியே தோண்டினாலும் அஸ்திவாரத்துக்கு ஆபத்து வராமல் துண்டு துண்டாகத்தான் தோண்ட வேண்டும், அதற்கு இன்ஜினியர் வேண்டும்.

உள்ளிருந்து செய்யும்போது ஒன்றை மறக்கக் கூடாது. தண்ணீர் பூச்சைச் சுவரிலிருந்து தள்ளிவிடப் பார்க்கும். ஆகவே ரப்பர் மாதிரிப் படலமாக நிற்கும் பெயின்ட், எனாமல், புட்டி எதுவும் நிற்காது, கொப்புளம் விட்டு உரியும். சிமென்ட்டோடு சேர்ந்து இறுகும் பொருள்கள்தான் தாங்கும். பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு ஒன்று. கான்கிரீட்டின் நுண்துளைக்குள் போய்ப் படிகமாக வளர்ந்து அடைக்கும் கிரிஸ்டலைன் பூச்சு மற்றொன்று.

செய்முறை, சுவர் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. பழைய வீடுகளில் சைஸ் கல் சுவர் இருக்கும். கிரானைட் கசியாது, இடையிலுள்ள கலவைதான் கசியும். இணைப்புகளை இரண்டு அங்குல ஆழம் சுரண்டி எடுத்து, வாட்டர்ப்ரூஃபிங் திரவம் சேர்த்த கலவையால் மறுபடி அடைக்க வேண்டும். திரவத்தின் அளவு டப்பாவிலேயே இருக்கும். பரவலாகக் கிடைக்கும் ஒன்றில் 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 200 மில்லி. கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகத் தடுக்காது. கல் சுவரில் தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் ஓட்டைகளை மட்டும் தயவுசெய்து அடைக்காதீர்கள். அவற்றை அடைத்தால் அழுத்தம் ஏறி வேறு இடத்தில் பீறிடும்.

கான்கிரீட் சுவரில் பெரும்பாலும் கசிவது சுவரும் தரையும் சேரும் இணைப்பு, அடுத்தது சரியாகக் குத்தாமல் ஜல்லி தெரியும் ஹனிகோம்ப் இடங்கள். இணைப்பை ஓரங்குலத்துக்கு வெட்டி, ஓடும் தண்ணீரை உடனே இறுகும் பிளக் கலவையால் நிறுத்தி, அதன் மேல் கோவிங் போடுவார்கள். வெடிப்பிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் பியூ இன்ஜெக்‌ஷன். வெடிப்பின் இருபுறமும் மாற்றி மாற்றிச் சாய்வாகத் துளையிட்டு, பேக்கர் என்ற ஊசிக்குழாய் பொருத்தி, அழுத்தத்தில் பாலியூரிதேன் ஏற்றுவார்கள். தண்ணீர் பட்டதும் அது பொங்கி அடைத்துக்கொள்ளும். ஹனிகோம்ப்புக்கு அது வேண்டாம், சிமென்ட் பால் ஏற்றும் கிரவுட்டிங் போதும். இதெல்லாம் முடிந்தபின்தான் மொத்தச் சுவருக்கும் இரண்டு கோட் பூச்சு. பூசும் முன் பழைய பெயின்ட், புட்டி, உப்பு எல்லாம் வெறும் சுவர் தெரியும்வரை போக வேண்டும். பூசியபின் கிரிஸ்டலைன் வகைக்கு இரண்டு மூன்று நாள் தண்ணீர் தெளித்து ஈரமாக வைக்க வேண்டும். பெரும்பாலும் ஆட்கள் தவிர்க்கிற வேலை அதுதான்.

வெறும் சாலிட் பிளாக் அடுக்கி மண்ணைத் தாங்கவிட்டிருந்தால், அல்லது சுவர் உள்நோக்கி வயிறு தள்ளியிருந்தால், பூச்சு பேச்சே வேண்டாம். நேரே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்.

டைல்ஸ், பிவிசி பேனல், ஜிப்சம் போர்டு வைத்து மறைப்பவர்களும் உண்டு. பின்னால் பூஞ்சைதான் வளரும்.

குழியும் பம்பும்

நிலத்தடி நீர் உயரும் பகுதியில் முழுவதும் அடைத்துவிட முயல்வது எனக்கு உவப்பில்லாத யோசனை. தண்ணீரில் அமுக்கிய காலிக் குடம் மேலே எழும்பப் பார்ப்பது போல, அடியிலிருந்து தரையைத் தள்ளும். மெலிதாகப் போட்ட தரை வெடிக்கும். அதைவிட, சுவரோரம் மூன்று நாலு அங்குல வாய்க்கால் விட்டு, தரையின் தாழ்ந்த மூலையில் இரண்டடிச் சதுர, இரண்டரை அடி ஆழக் குழிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இறைத்துவிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஒரு வீட்டுக்கு அரை குதிரைத்திறன் சப்மெர்சிபிள் போதும். சேறும் தாங்குகிற வகையாக வாங்குங்கள். நீர் ஏறினால் பம்பைத் தானே ஓடவிடும் ஃப்ளோட் ஸ்விட்ச், இறைத்த நீர் திரும்பாமல் தடுக்கக் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு இரண்டும் வேண்டும். பலத்த மழையில்தான் கரன்ட் போகும் என்பது ஊரறிந்த கதை, ஆகவே அந்த பம்ப்பின் சுமையைத் தாங்கும் இன்வெர்ட்டர் இணைப்பும் வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு குடம் தண்ணீரைக் குழியில் ஊற்றி, ஃப்ளோட் தூக்குகிறதா, பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள்.

இறைக்கும் தண்ணீர் தெருவோர மழைநீர்க் கால்வாய்க்குப் போக வேண்டும். பாதாளச் சாக்கடையில் சேர்க்கக் கூடாது, வாரியம் அதை அனுமதிப்பதில்லை. ஆளாளுக்கு மழைத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதால்தான் மழையில் மேன்ஹோல் பொங்குகிறது. பேஸ்மென்ட்டில் டாய்லெட்டோ தரை ஜாலியோ இருந்து அது நேராகச் சாக்கடையோடு சேர்ந்திருந்தால், அந்தப் பொங்கல் உங்கள் வீட்டுக்குள்தான். லைனில் பின்னோட்டத் தடுப்பு வால்வு போடுங்கள். வாடகைக்கு விடும் ஆசையில் பேஸ்மென்ட்டில் டாய்லெட் புதிதாகக் கட்டாதீர்கள். தெருக் கால்வாயே அடைத்துக்கிடந்தால் மாநகராட்சியில் புகார் செய்ய வேண்டும். முன்பு பிபிஎம்பி, 2025 செப்டம்பருக்குப் பிறகு ஜிபிஏ எனும் கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள்.

ஆள் பிடிக்கும்போது

மழைக்காலத்தில் கசிவை அடையாளம் காணுங்கள், வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடியுங்கள். இங்கே செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம். அப்போது கூப்பிட்டால் நல்ல ஆள் கிடைக்கமாட்டார், கிடைப்பவர் கேட்கும் கூலியும் கட்டுப்படியாகாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்து மேஸ்திரிகள் இங்கே நிறைய. மொழிச் சிக்கல் இல்லை. ஆனால் “ஒரு கோட் அடிச்சா நின்னுடும் சார்” என்று, சுவரைத் தட்டிக்கூடப் பார்க்காமல் சொல்பவரை அனுப்பிவிடுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று உங்களிடம் கேள்வி கேட்பவர் பரவாயில்லை. விலையைச் சதுர அடிக்கு மொத்தமாக வாங்காதீர்கள். சுரண்டுவது, இணைப்பு அடைப்பது, இன்ஜெக்‌ஷன் ஒரு துளைக்கு எவ்வளவு, பூச்சின் பெயர், எத்தனை கோட் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பத்து வருட வாரன்ட்டி என்று அட்டையில் அடித்திருப்பார்கள். அது பொருளுக்கா வேலைக்கா என்று கேளுங்கள், முகம் மாறும். பணத்தில் ஒரு பங்கை அடுத்த பெருமழை வரை நிறுத்திவைக்கப் பேசுங்கள். ஒத்துக்கொள்பவருக்குத் தன் வேலைமேல் நம்பிக்கை இருக்கிறது.

இன்னும் வாங்கவில்லை என்றால்

இது ஏரிகளை ஒன்றுக்கொன்று கால்வாயால் இணைத்த ஊர். அந்தக் கால்வாய்களை ராஜகாலுவே என்பார்கள். மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருப்பது பழைய தர்மாம்புதி ஏரியில், கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரியில். கோரமங்களா பள்ளத்தாக்குத் தண்ணீர் பெல்லந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூருக்கும் இறங்கும். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் விலை உயர்ந்த வில்லாக்களிலிருந்து மக்கள் டிராக்டரிலும் படகிலும் வெளியேறினார்கள். அத்தகைய இடத்தில் எந்தப் பூச்சும் பம்ப்பும் உதவாது. கர்நாடக வருவாய்த் துறையின் திஷாங்க் செயலியில் சர்வே எண்ணைப் போட்டு, மனைக்கு அருகில் ஏரியோ கால்வாயோ காட்டுகிறதா என்று பாருங்கள். தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு டீ குடித்துக்கொண்டே “இல்லி நீரு நில்லுத்தா?” (இங்கே தண்ணீர் நிற்குமா?) என்று கேளுங்கள். புரோக்கர் சொல்லாததைக் கடைக்காரர் சொல்வார். பேஸ்மென்ட்டில் புது பெயின்ட் வாடை அடித்தால், சுவரின் அடி ஓரடியைக் கையால் தடவிப் பாருங்கள், ஸ்விட்ச் போர்டு திருகாணிகள் துருவேறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

வாடகைக்கு வருபவர்கள் சாவி வாங்கும் அன்றே சுவர்களையும் தரையையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது பெயின்ட்டிங் கூலி என்று அட்வான்ஸில் பிடிப்பார்கள், ஓதம் பிடித்த சுவருக்கும் சேர்த்து. ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசி மூட்டை, பட்டுப்புடவைப் பெட்டி, பத்திரங்கள் கீழே வேண்டாம். மற்ற சாமான்களை இரும்பு ராக்கில், அடித்தட்டு தரையிலிருந்து ஓரடி உயரத்திலும் சுவரிலிருந்து நாலங்குலம் தள்ளியும் இருக்கும்படி வையுங்கள்.